நீ எந்தத் தெரு?

எங்கள் மாலை வகுப்பில் படித்து வளர்ந்த ஒரு பெண் இப்போது ஜெர்மனியில் இருக்கிறாள். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் முதுகலை படிக்கிறாள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் ஜெர்மனியில் உள்ள ஒன்றுக்கும் மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் உண்டு. ஒரு பருவம் அங்கே போய்ப் படிக்கலாம். அக்டோபரில் விமானம் ஏறினாள், மார்ச்சில் திரும்புகிறாள். இதை எழுதலாமா என்று கேட்டபோது, "பேர் வேணாம்க்கா, படிக்கிற ஊரும் வேணாம். காஞ்சிபுரம்னு மட்டும் எழுதிக்கோங்க" என்றாள்.

போய்ச் சேர்ந்த ஒன்பதாம் நாள்தான் நிதானமாகப் பேசக் கூப்பிட்டாள். வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். அவளுடைய அம்மாவும் வேலை முடிந்து நேராக எங்களிடம் வந்து உட்கார்ந்திருந்தார். செல்போனை நடுவில் வைத்து ஸ்பீக்கரில் போட்டோம். குளிர் எப்படி, சோறு கிடைக்கிறதா, ரயிலில் போனாயா என்றெல்லாம் கேட்கத் தயாராக இருந்தோம். அவள் முந்திக்கொண்டாள்.

"அக்கா, ஒன்பது நாள் ஆச்சு. இன்னும் ஒருத்தர்கூட நீ எந்தத் தெருன்னு கேக்கல."

வகுப்பை நடத்தும் நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாருக்கும் உடனே பேச்சு வரவில்லை. அம்மாதான் பேசினார். "சரி, சாப்டியா?" என்றார்.

காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்க வருகிறவர்களுக்கும், ஏகாம்பரநாதரையும் வரதராஜரையும் பார்க்க வருகிறவர்களுக்கும் தெரு என்றால் முகவரி. எங்களுக்கு அது அப்படியல்ல. மாட வீதி என்றால் ஒன்று, பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் கேட்கும் தெரு என்றால் இன்னொன்று. எங்கள் தெருவின் பெயரைச் சொன்னாலோ அதற்கு மேல் கேள்வியே கிடையாது. யாரும் இந்த ஊரில் "நீ என்ன சாதி" என்று நேராகக் கேட்பதில்லை. அவ்வளவு நாகரிகம் வந்துவிட்டது. "எந்தத் தெரு?" என்று கேட்டால் போதும், விஷயம் முடிந்துவிடும்.

எங்களில் ஒருவர் திருமணத்துக்குப் பிறகு நகரத்துக்குள் வாடகை வீடு தேடினார். சமூகவியலில் முதுகலை, மாதச் சம்பளம், கையில் முன்பணம் எல்லாம் இருந்தது. 14 வீடுகள் பார்த்தார். முதல் கேள்வி "சைவமா?" இரண்டாவது கேள்வி "சொந்த ஊர் இதேவா, எந்தத் தெரு?" அதற்குப் பிறகு கேள்வி வராது, பதில்தான் வரும்: "இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு." அட்வான்ஸ் கொடுத்த அந்த ஒருத்தரை நாங்கள் இன்றுவரை பார்த்ததில்லை. வீட்டு வாசலில் "வாடகைக்கு" என்ற பலகை மட்டும் இரண்டு மாதம் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே அவள் சொன்ன அந்த ஒரு வரி எங்களுக்குப் புரிந்தது. ஒன்பது நாள் என்று எண்ணி வைத்திருக்கிறாள் பாருங்கள், அதுதான் எங்களை என்னவோ செய்தது.

எங்கள் வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் சொல்லித் தருகிறோம். எங்கே போனாலும் ஒரு நோட்டு வைத்துக்கொள், முதலில் பார்த்ததை எழுது, என்ன நினைத்தாய் என்பதைப் பிறகு எழுது. அவள் அதை விடவில்லை. மறுநாள் நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். ஐந்து குறிப்புகள் இருந்தன.

முதல் குறிப்பு: "நடைக்கூடத்தில் உள்ள குழாயில் எல்லாரும் தண்ணீர் பிடித்துக் குடிக்கிறார்கள். நானும் குடித்தேன்."

வெளிநாட்டுக்குப் போகிற எந்த மாணவரும் இதைக் குறித்து வைக்கலாம். குழாய்த் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்பது அவர்களுடைய வியப்பு. இவள் எழுதியதில் "எல்லாரும்" என்ற சொல்லைப் பாருங்கள், "நானும்" என்ற சொல்லைப் பாருங்கள். இவளுடைய அம்மா எட்டு வயதில் முன்பணத்துக்காகத் தறிக்கு அனுப்பப்பட்டவர். காஞ்சிபுரம் கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு இன்னொரு நிறம். நெசவாளி ஒருவரால் மட்டும் அதை நெய்ய முடியாது. கரைக்கு நாடா எறியப் பக்கத்தில் ஒரு துணை ஆள் உட்கார வேண்டும். அந்தத் துணை ஆள் ஒரு காலத்தில் பெரும்பாலும் குழந்தையாகத்தான் இருந்தது. பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. கல்யாணப் பெண்ணின் புடவைக் கரை அம்மாவின் கையால் போனது. தாகம் எடுத்தால் மட்டும் வெளியே வந்து குனிந்து கையை ஏந்த வேண்டும், மேலிருந்து ஊற்றுவார்கள். சொம்பு கைக்கு வராது.

அது அந்தக் காலம் என்று யாராவது சொல்லலாம். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தது 2022 டிசம்பரில் வெளியே வந்தது. ஆகவே குழாய்த் தண்ணீரை ஒரு தலித் மாணவி தன் நோட்டின் முதல் வரியாக எழுதினால், அது சுற்றுலாக் குறிப்பு அல்ல.

அண்ணல் அம்பேத்கரின் பள்ளி நாட்கள் நமக்குத் தெரியும். உட்காரச் சாக்குத் துணியை வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும். தண்ணீர்க் குழாயை அவர் தொடக் கூடாது, பியூன் திறந்துவிட வேண்டும். பியூன் வராத நாளில் தண்ணீரும் கிடையாது. அந்தச் சிறுவன் வளர்ந்து, பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் தந்த உதவித்தொகையில், 1913 ஜூலையில் நியூயார்க்கில் இறங்கினார். மாதம் 11.50 பவுண்டு, மூன்று வருடம். படித்து முடித்ததும் பரோடா அரசில் வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதலில் ஹார்ட்லி ஹால் விடுதி, பிறகு லிவிங்ஸ்டன் ஹால். அங்கே நேவல் பத்தேனா என்ற பார்சி மாணவர் அவருடைய அறைத்தோழர். அந்த நட்பு பிற்காலத்திலும் தொடர்ந்தது. ஒரே அறையில் இன்னொரு சாதிக்காரர், இன்னொரு மதத்துக்காரர். ஒரே மேசையில் சாப்பாடு. நூலகத்தில் எந்த நாற்காலியிலும் உட்காரலாம்.

அவர் படித்த பாடங்களைப் பற்றியும், ஜான் டூயி, செலிக்மன் போன்ற ஆசிரியர்களைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அவரே 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று நாம் வாசிக்கும் தன் நினைவுக் குறிப்பில் முக்கியமாகச் சொல்வது வேறொன்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கழித்த ஐந்து வருடங்களில், தான் தீண்டத்தகாதவன் என்ற எண்ணமே தன் மனதிலிருந்து அடியோடு போய்விட்டது என்கிறார். யாரும் அவருக்கு அதை எதிர்த்துப் பாடம் நடத்தவில்லை. யாரும் ஞாபகப்படுத்தவில்லை, அதனால் போனது. எங்கள் பெண்ணின் ஒன்பது நாளும் அண்ணலின் ஐந்து வருடமும் எங்களுக்கு ஒரே கணக்காகத்தான் படுகிறது.

இரண்டாவது குறிப்பு: "சமையலறை ஒன்று. ஆள் எட்டு. பிரிட்ஜில் ஆளுக்கு ஒரு தட்டு. என் தட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை."

மாட்டுக்கறிக் குழம்பை டப்பாவில் போட்டு, பெயர் எழுதி ஒட்டி வைத்தாளாம். பக்கத்துத் தட்டில் ஒரு பெண்ணின் தயிரும் கீரையும் இருந்தன. இரண்டும் மறுநாள் காலை அப்படியே இருந்தன. சென்னையில் அவள் முதலில் தங்கிய ஒரு தனியார் விடுதியில் அறைத்தோழியின் முகச் சுளிப்புக்குப் பயந்து முட்டையைக்கூட வெளியில் சாப்பிட்டுவிட்டு வந்தவள் அவள்.

மூன்றாவது குறிப்பு: "நகர அலுவலகத்தில் முகவரி பதியப் போனேன். என்ன மதம் என்று கேட்டார்கள். வேறு எதுவும் கேட்கவில்லை."

மதத்தைக் கேட்டது தேவாலய வரிக்காக. அங்கே பதிவுபெற்ற தேவாலயங்களுக்கு உறுப்பினர்களிடமிருந்து அரசே வரி பிடித்துத் தருகிறது. இவள் பழக்கத்தில் சாதிச் சான்றிதழையும் பைலில் எடுத்துப் போயிருக்கிறாள். பள்ளியில் சேர்ந்தது முதல் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் எடுத்து நீட்டிய காகிதம். "மேசை வரைக்கும் கை போயிருச்சுக்கா, அப்புறம் உள்ள வச்சுட்டேன்" என்று சிரித்தாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பார்த்தீர்களா, அங்கே சான்றிதழ் இல்லை, அதனால் சாதி இல்லை, இங்கேயும் எடுத்துவிட்டால் போய்விடும் என்று வாதாட ஒரு கூட்டம் காத்திருக்கிறது. அந்தச் சான்றிதழ் சாதியை உண்டாக்கவில்லை. நோய் வந்த பிறகு கொடுக்கப்படும் மருந்துச் சீட்டு அது. அந்தச் சீட்டு இல்லாவிட்டால் எங்கள் பெண் பத்தாம் வகுப்பைத் தாண்டியிருக்க மாட்டாள், விமானம் எங்கே ஏறுவது? வீட்டுக்காரர் எந்தக் காலத்திலும் சான்றிதழ் கேட்டதில்லை. தெருவைத்தான் கேட்கிறார்.

நான்காவது குறிப்பைக் கடைசியில் சொல்கிறோம். ஐந்தாவது குறிப்பு இது: "பேருந்தில் என் பக்கத்து இடம் மட்டும் காலி. நின்றவர்கள் யாரும் உட்காரவில்லை. இரண்டு நிறுத்தம் கழித்து ஒரு பாட்டி வந்து உட்கார்ந்தார்."

அவர்கள் ஏன் உட்காரவில்லை என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டியவர்களாக இருக்கலாம். கருப்பு நிறத்தைப் பார்த்து நின்றவர்களாகவும் இருக்கலாம். அவள் எதையும் முடிவு கட்டாமல் எழுதியிருக்கிறாள். ஆனால் குறித்து வைத்திருக்கிறாள். வெளிநாடு என்றால் சமத்துவத்தின் சொர்க்கம் என்று நாங்கள் எழுத வரவில்லை. அண்ணல் நியூயார்க்கில் இறங்கிய அதே 1913இல்தான் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனின் அரசு தலைநகர அலுவலகங்களில் கருப்பின ஊழியர்களைத் தனியே பிரித்து உட்கார வைத்தது. அண்ணல் படித்த பல்கலைக்கழகத்தின் பக்கத்திலேயே கருப்பின மக்களின் ஹார்லம் இருந்தது. பின்னாளில், 1946இல், கருப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸுக்கு அவர் கடிதம் எழுதினார். தன் மக்களின் நிலைக்கும் அவர்களின் நிலைக்கும் உள்ள ஒற்றுமையை அதில் சுட்டினார். ஒரு நாட்டில் நமக்குக் கிடைத்த நாற்காலி அங்கே இன்னொருவருக்கு மறுக்கப்பட்டதாக இருக்கலாம். அதையும் சேர்த்துப் பார்க்கிறவர்தான் நல்ல மாணவர்.

நான்காம் வாரம் அவள் மறுபடி கூப்பிட்டாள். குரல் வேறாக இருந்தது. அதே கட்டடத்தில் மேல் மாடியில் தமிழ்நாட்டு மாணவர் ஒருவர். வந்த புதிதில் ரசப்பொடியும் ஊறுகாயும் கொடுத்து உதவினாராம். எந்தக் கடையில் அரிசி மலிவு என்று சொல்லித் தந்தாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையெல்லாம் மூடியிருந்த நாளில், டீ குடித்துக்கொண்டே கேட்டார்: "காஞ்சிபுரமா? எங்க சித்தி அங்கதான் இருக்காங்க. பட்டு பிசினஸா? எந்தத் தெரு?"

இவள் மறைக்கவில்லை, சொல்லிவிட்டாள். "ஓ" என்றாராம். அவ்வளவுதான். கெட்ட வார்த்தை எதுவும் இல்லை. மறுநாளும் புன்னகைத்தார். ஆனால் அதற்குப் பிறகு ஊறுகாய் டப்பா கீழே வரவில்லை. தீபாவளிக்கு மாடியில் பத்துப் பேர் கூடிச் சாப்பிட்ட சத்தம் இவளுக்குக் கீழே கேட்டது.

"தெருவே இல்லாத ஊருல வந்து தெருவக் கண்டுபிடிச்சுட்டாங்கக்கா" என்றாள்.

இது அவளுக்கு மட்டும் நடந்தது அல்ல. நம்மவர்கள் கடல் தாண்டும்போது ஜரிகைப் புடவையோடு இதையும் பெட்டியில் மடித்து எடுத்துப் போகிறார்கள். அதனால்தான் அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இல் தன் பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதியையும் சேர்க்க வேண்டியிருந்தது. 2022 ஜனவரியில் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு சேர்த்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடை செய்தது, அமெரிக்க நகரங்களில் அதுதான் முதல். அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய இதேபோன்ற மசோதாவை அந்த மாநில ஆளுநர் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பிவிட்டார். எதிர்த்து நின்றவர்களில் இந்தியாவிலிருந்து போனவர்களும் உண்டு. சாதியே பார்ப்பதில்லை என்கிறவர்களுக்கு சாதியைத் தடை செய்தால் ஏன் வலிக்கிறது?

வெளியூர் மாணவர் ஒருவர் நம் ஊரைப் பார்த்துக் குறிப்பு எழுதுவதும் நடந்திருக்கிறது. அதுவும் காஞ்சிபுரத்தில்தான். யுவான் சுவாங் ஏழாம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து பௌத்தம் படிக்க வந்தவர். நாலந்தாவில் பல ஆண்டுகள் படித்தார். அங்கே அவருடைய ஆசிரியர் சீலபத்திரர். சீலபத்திரரின் ஆசிரியர் தர்மபாலர். அந்தத் தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர். இந்த ஊரிலிருந்து ஒரு மாணவர் வடக்கே போய் நாலந்தாவின் தலைவரானார். அவருடைய மாணவரின் மாணவர் சுமார் 640இல் ஆசிரியரின் ஆசிரியர் பிறந்த ஊரைத் தேடி வந்தார். மாணவர் பரிமாற்றம் என்று இன்று நாம் ஒப்பந்தம் போட்டுச் செய்வது இங்கே கால்நடையாகவே நடந்திருக்கிறது. நூறுக்கு மேல் விகாரைகள், பத்தாயிரம் பிக்குகள் என்று காஞ்சியைப் பற்றி அவர் எழுதிவைத்தார். மக்கள் கல்வியை மதிக்கிறார்கள் என்றும் எழுதினார். நாங்கள் பெருமைப்படத்தான் செய்கிறோம். மண்ணுக்கடியிலிருந்து புத்தர் சிலைகள் கிடைத்த ஊர் இது.

ஆனால் அதே யுவான் சுவாங் இந்தியாவைப் பற்றிப் பொதுவாக எழுதும் பகுதியில் இன்னொன்றும் இருக்கிறது. கசாப்புக்காரர், மீனவர், தண்டனை நிறைவேற்றுவோர், துப்புரவு செய்வோர் ஆகியோரின் வீடுகளுக்கு அடையாளம் வைத்திருக்கிறார்கள், அவர்கள் நகரத்துக்கு வெளியே குடியிருக்க வேண்டும், தெருவில் நடந்தால் இடது ஓரமாக ஒதுங்கிப் போக வேண்டும் என்கிறார். அவருக்கு 200 வருடத்துக்கு முன் வந்த பாகியான், சண்டாளர்கள் சந்தைக்குள் நுழையும்போது கட்டையைத் தட்டி ஒலி எழுப்ப வேண்டும், மற்றவர்கள் அதைக் கேட்டு விலகிப் போவார்கள் என்று எழுதினார். இருவரும் வந்தது புத்தரின் நிலத்தைப் பார்க்க. கண்ணில் பட்டதில் இதுவும் ஒன்று. கூடவே வாழ்ந்தவர்களுக்கு இது எழுதிவைக்க வேண்டிய விஷயமாகவே தெரிந்திருக்காது. வெளியிலிருந்து வந்த மாணவருக்குத் தெரிந்தது.

இதை இப்படி வைத்துப் பாருங்கள். வெளியூர் மாணவர் இங்கே வந்து, இவர்கள் ஏன் ஒதுங்கி நடக்கிறார்கள் என்று வியந்து எழுதினார். எங்கள் பெண் அங்கே போய், யாரும் என்னை ஒதுங்கச் சொல்லவில்லையே என்று வியந்து எழுதுகிறாள். நடுவில் 1,400 வருடம். இரண்டு நோட்டிலும் உள்ளது ஒரே செய்தி.

இப்போது அவளுக்கு ஓர் ஆசை வந்திருக்கிறது. முதுகலை முடித்ததும் வெளிநாட்டிலேயே முனைவர் பட்டம் செய்ய வேண்டும். தலைப்பும் யோசித்துவிட்டாள்: ஒரு நகரத்தின் கழிவை யார் சுமக்கிறார்கள், கழிவுநீர் ஓடும் கால்வாய் ஓரம் யார் குடியிருக்கிறார்கள். வேகவதி ஆற்றங்கரையில் வளர்ந்தவளுக்கு வேறு எந்தத் தலைப்பு வரும்? நாங்கள் மகிழ்ச்சியோடு ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை விதிகளை எடுத்துப் படித்தோம். 1950களில் தொடங்கிய திட்டம். வருடத்துக்கு 125 இடங்கள், அதில் 115 பட்டியல் சாதி மாணவர்களுக்கு. 2022இல் அதில் ஒரு விதி நுழைந்தது: இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு இந்த உதவித்தொகை கிடையாது. அவற்றைப் படிக்க இந்தியாவிலேயே வசதி இருக்கிறதே என்பது சொல்லப்பட்ட காரணம்.

1916 மே 9 அன்று கொலம்பியாவில் ஒரு கருத்தரங்கில் 25 வயது மாணவர் ஒருவர் கட்டுரை வாசித்தார். தலைப்பு 'இந்தியாவில் சாதிகள்'. அந்த மாணவர் இன்று இந்த உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் தலைப்பைப் பார்த்தே தள்ளிவிடுவார்கள். அவருடைய படத்துக்கு மாலை போடும் அரசு, அவர் செய்த ஆய்வுக்குக் காசு தர மாட்டேன் என்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால்தான் சில விஷயங்கள் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும், அதனால்தான் இந்த விதி என்றே நாங்கள் நினைக்கிறோம். 2025இல் இன்னொன்றும் நடந்தது. தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்குத்தான் அனுமதிக் கடிதம் வந்தது. மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்ற பதில். பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கி வைத்திருந்த பிள்ளைகள் அந்த வாரங்களை எப்படிக் கழித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தமிழ்நாடு அரசு அண்ணல் பெயரில் ஓர் அயலகக் கல்வித் திட்டம் நடத்துகிறது. அது நல்லது. அதிலாவது எங்கள் பிள்ளைகள் தங்கள் சமூகத்தையே ஆய்வு செய்ய இடம் வேண்டும், அந்த இடம் விதிகளில் எழுத்தாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

படிக்கப் போவதைவிடக் கடினமானது திரும்பி வருவது. அண்ணல் 1917இல் ஒப்பந்தப்படி பரோடாவுக்கு வேலைக்குப் போனார். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்தவருக்கு அந்த ஊரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சிகளுக்கான விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். நண்பர்கள் இருவரிடம் போய்க் கேட்டார், இருவரும் ஒவ்வொரு காரணம் சொல்லிக் கைவிரித்தார்கள். மாலை முழுக்க ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். ஐந்து வருடம் மறந்திருந்ததை ஓர் ஊர் பதினோரு நாளில் ஞாபகப்படுத்திவிட்டது.

எங்கள் பெண் மார்ச்சில் வருகிறாள். சென்னையில் மறுபடி அறை தேடுவாள். அந்தக் கேள்வி அவளுக்காகக் காத்திருக்கும். "அங்கயே வேலை தேடி இருந்துடச் சொல்லுங்க" என்று எங்களிடம் சொல்கிறவர்கள் உண்டு. அன்பாகத்தான் சொல்கிறார்கள். இருக்க விரும்பினால் இருக்கட்டும், அது அவள் உரிமை. ஆனால் ஒரு பெண் தண்ணீர் குடிக்கவும், சமைக்கவும், வாடகைக்கு இருக்கவும் ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பதை ஒரு தீர்வாக எங்களால் ஏற்க முடியாது. மேல் மாடிக்காரர் அங்கேயும் இருக்கிறார் என்பதையும் பார்த்துவிட்டோம். அவள் எழுதிய ஐந்து குறிப்புகளை வெளிநாட்டின் சிறப்பு என்று படிக்காதீர்கள். அது எங்கள் ஊருக்கான கோரிக்கை மனு. தெரு கேட்காமல் வீடு கொடுங்கள். தட்டைக் குனிந்து பார்க்காதீர்கள். வாடகை வீட்டில் சாதி பார்ப்பதைக் குற்றமாக்கி, புகார் கொடுக்க ஓர் இடத்தையும் காட்டுங்கள்.

நான்காவது குறிப்பு பாக்கி இருக்கிறது.

"சமையலறைக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. கழிப்பறை, குளியலறை, அடுப்படி, குப்பை. வாரம் ஒருவர். பெயர்கள் அகர வரிசையில். எட்டுப் பெயரும் இருக்கிறது."

அவளுடைய அம்மா தறியிலிருந்து விடுபட்டு, கல்யாணமாகி, இப்போது ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். விடிவதற்கு முன் வேலைக்குப் போகிறார். துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். பெயர் மாறியதே தவிர, வருகைப் பதிவேட்டில் உள்ள தெருக்கள் மாறவில்லை. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்து 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடைக் குழியில் இறந்தால் தர வேண்டிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 30 லட்சமாக உயர்த்தியது. இறப்பவர் எந்தத் தெரு என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

அந்தக் குறிப்பை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினோம். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அடுத்த முறை மகள் கூப்பிட்டபோது அவரே செல்போனை வாங்கிக் கேட்டார்.

"அந்தப் பேப்பர்ல உன் பேரு எத்தனாவது?"

"மூணாவதும்மா."

"வெள்ளைக்காரப் புள்ளைங்க பேரும் இருக்குதா?"

"எல்லார் பேரும் இருக்குது."

"கழுவுறாங்களா, இல்ல சும்மா எழுதி வச்சிருக்காங்களா?"

"கழுவுறாங்கம்மா. போன வாரம் டாக்டருக்குப் படிக்கிற பையன் கழுவுனான்."

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. மகள் லைன் போய்விட்டதா என்று இரண்டு முறை "அம்மா, அம்மா" என்றாள். பிறகு அம்மா சொன்னார்:

"வரும்போது எனக்குச் சீலை சட்டையெல்லாம் ஒண்ணும் வேணாம். அந்தப் பேப்பரக் கொண்டா."